ஆசிரியர் சிற்பி அல்லர்

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5ஆம் தேதி எந்தப் பள்ளி மைதானத்தில் போய் நின்றாலும் ஒலிபெருக்கியில் ஒரே பேச்சுதான். மாணவன் கல், ஆசிரியர் சிற்பி. தலைமை தாங்க வந்த கவுன்சிலர் சொல்வார், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சொல்வார், மனப்பாடம் செய்துகொண்டு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். மேடையோடு போய்விட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கல்வித் துறை தன் கோப்புகளுக்குள்ளும் இதே உவமையைத்தான் வைத்திருக்கிறது. தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஆசிரியரை எடை போடுவதும், ரிசல்ட் குறைந்தால் மெமோ அனுப்புவதும், பையன் வழி தவறினால் 'எந்த வாத்தியாரிடம் படித்தான்' என்று ஊர் கேட்பதும் அந்தச் சிற்பிக்குப் பிறந்த பிள்ளைகள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரால் வாழ்க்கை மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவில் சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை அவர்களின் பிற்கால வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து, 2014இல் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். மதிப்பெண்ணை உயர்த்தும் ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவதும் அதிகம், வளர்ந்தபின் சம்பாதிப்பதும் அதிகம் என்று கண்டார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய ஆய்வு இல்லை அது. நம் அனுபவமும் அதற்கு எதிராகப் பேசவில்லை. யாரைக் கேட்டாலும் ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்வார்கள், சொல்லும்போது குரல் மாறும். இதிலிருந்து வாதம் இப்படிப் போகிறது: மாணவனை உருவாக்குவது ஆசிரியர், உருவாக்குவதால் பலனுக்கும் அவரே பொறுப்பு, பொறுப்பு என்று வந்துவிட்டால் பலனை அளந்து பரிசும் தண்டனையும் கொடுக்கலாம்.

நான் சண்டைக்கு நிற்பது முதல் படியிலேயே. ஆசிரியரின் தாக்கம் சிறியது என்று நான் சொல்லவில்லை. அவர் நினைத்த திசையில், நினைத்த பிள்ளையிடம், நினைத்த காலத்தில் அது விளைகிறது என்பதைத்தான் மறுக்கிறேன். எடுத்துக்கொள்பவர் மாணவர். எதை எடுத்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்பது ஆசிரியருக்குத் தெரிவதேயில்லை. மாணவருக்கேகூடப் பல வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது.

1. கடற்கரையில் நின்ற மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஆசிரியர் தினப் பேச்சுகளில் தவறாமல் வரும் கதை இது. ராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறக்கிற பறவைகளைக் காட்டினார். அந்த மாலைதான் தன்னை விமானத்தின் பக்கம் திருப்பியது என்று அப்துல் கலாம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நாம் அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் நம்பவில்லை. அங்கே நின்றது ஒரு பையன் இல்லை, ஒரு வகுப்பு. எல்லோரும் பார்த்தது அதே பறவை, கேட்டது அதே விளக்கம். சிற்பிக் கணக்குப்படி ஒரே உளி ஒரே நேரத்தில் எல்லாக் கல்லிலும் பட்டது. ஒன்று மட்டும் ராக்கெட் செய்யப் போனது என்றால், வேறுபாடு உளியில் இருந்திருக்க வழியில்லை. மற்றவர்கள் அந்த மாலையிலிருந்து எதை எடுத்துப் போனார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. ஒருவருக்கு அது கடலைப் பற்றிய நினைவாக இருந்திருக்கலாம், இன்னொருவருக்குக் கணக்கு வகுப்பிலிருந்து தப்பித்த சந்தோஷமாக இருந்திருக்கலாம். வென்றவனிடமிருந்து பின்னோக்கி நடந்து வந்து ஆசிரியரைக் கண்டுபிடிக்கிறோம். அப்படி நடந்தால் எந்தப் பாதையும் நேராகத்தான் தெரியும்.

அதே கலாமின் தன்வரலாற்றில் மேடைக்கு அதிகம் வராத இன்னோர் ஆசிரியரும் இருக்கிறார். பள்ளிக்குப் புதிதாக வந்தவர். தொப்பி போட்ட முஸ்லிம் சிறுவன் அர்ச்சகர் மகன் ராமநாதனின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துப் பிஞ்சு மனத்தில் நஞ்சைக் கலக்காதீர்கள் என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறவும் செய்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுக்குப் பிறகு புத்தகம் எழுதும்போதும் கலாமுக்கு இது மறக்கவில்லை. ஆக, குடியரசுத் தலைவராகப் போகிற ஒரு மனிதரின் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஒரு பாடம், பிழை செய்த ஆசிரியராலும் அவரைத் திருத்திய ஒரு தகப்பனாராலும் கிடைத்தது. இதில் சிற்பி யார், கல் யார்? பார்க்கப்போனால் அன்று செதுக்கப்பட்டவர் ஆசிரியர்.

2. மீனாட்சிசுந்தரம் பிள்ளை எதற்காகப் பாடம் சொன்னார், விளைந்தது எது? தமிழில் குரு சீடன் என்று பேச்செடுத்தால் உ.வே.சாமிநாதையரைத் தாண்டிப் போக முடியாது. எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றும் அவரே. அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1871இல் மாயூரத்துக்குப் போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சேர்ந்தபோது சாமிநாதையருக்கு வயது பதினாறு. வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவரே பிள்ளையவர்கள்தான். பெயரையே மாற்றிய ஆசிரியரைச் சிற்பி என்று சொல்லாமல் யாரைச் சொல்வது? 1876இல் பிள்ளை காலமாகும்வரை அந்த மாணவர் அவருடனே இருந்தார். அவர் பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதினார், அவருடன் ஊர் ஊராகப் போனார், திருவாவடுதுறைச் சைவ மடத்தில் அவரோடு தங்கினார். படித்தது என்ன? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம். பிள்ளை அந்தக் காலத்தின் முதல் புலவர். தலபுராணங்களை மளமளவென்று பாடிக் குவித்தவர். அவருடைய கணக்கில் ஒரு சிறந்த மாணவன் என்றால் அவரைப் போலவே இன்னும் நாற்பது தலபுராணம் பாடக்கூடியவன்.

மாணவர் செய்தது வேறு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அதே வருடம் அக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் தன் நீண்ட பட்டியலை ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்டார். படித்த பிரபந்தம் அத்தனையும் ஒரு நொடியில் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. பிறகு சிந்தாமணியின் கையெழுத்துப் படி ஒன்றை முதலியார் கொடுத்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் நாம் அறிந்த உ.வே.சா. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இவற்றில் எதையும் பிள்ளையவர்கள் அவருக்குப் பாடம் சொன்னதில்லை. சைவ மடத்தில் வளர்ந்த மாணவர் முதலில் பதிப்பித்த பெருங்காப்பியம் சமணருடையது. அதில் வரும் சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஒரு முன்சீபு, ஒரு கேள்வி. ஐந்தாண்டுப் பாடத்தின் திசையை அது திருப்பிவிட்டது. இராமசாமி முதலியார் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் இல்லை. எந்த விருதுப் பட்டியலிலும் அவருக்கு இடம் இருந்திருக்காது.

உடனே பதில் வரும்: பிள்ளையவர்களிடம் பெற்ற பயிற்சி இல்லாவிட்டால் சிந்தாமணியை அவர் திறந்துகூடப் பார்த்திருக்க முடியாதே? உண்மை. நான் சொல்வதும் அதைத்தான். சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் பொறுமையும், ஏட்டெழுத்தோடு பழகிய கண்ணும், ஆயிரக்கணக்கில் பாட்டு தங்கிய நினைவும் பிள்ளையவர்களிடம் கிடைத்தவை. ஒரு மரபைத் தொடர்வதற்காகக் கொடுக்கப்பட்ட கருவிகளை, அந்த மரபு மறந்துவிட்ட இன்னொரு மரபைத் தோண்டி எடுக்க மாணவர் பயன்படுத்தினார். ஆசிரியரின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அது ஆசிரியர் கற்பனைகூடச் செய்திராத பங்கு. நன்னூல் என்ற இலக்கண நூல் தீய ஆசிரியருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, சாய்ந்து வளர்ந்து அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் தென்னை. நூலை எழுதிய பவணந்தியார் அதைக் குறையாகச் சொன்னார். பிள்ளையவர்கள் விஷயத்தில் காய் விழுந்தது சங்க இலக்கியத்தின் தோட்டத்தில். நல்ல ஆசிரியர் எல்லோருமே கொஞ்சம் முடத்தெங்குதான் என்று சொல்லிப் பவணந்தியாரோடு ஒரு சிறு வழக்கு நடத்தலாம் என்றே தோன்றுகிறது.

3. நேரில் பார்க்காதவர், பெயர்கூடக் கேட்டிராத ஒரு பையனை எப்படிச் செதுக்கினார்? மறுபடியும் கும்பகோணம். உ.வே.சா. அந்தக் கல்லூரியிலிருந்து 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். அடுத்த வருடம் கணித மேதை ராமானுஜன் அதே கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். அதற்கு முன்பே, பதினாறு வயதில், அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். லண்டனில் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்திவந்த தனிப்பயிற்சி ஆசிரியர். சுமார் ஐயாயிரம் சூத்திரங்களை வரிசைப்படுத்தித் தொகுத்திருந்தார், பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் இல்லை. நம் ஊரில் இதற்குப் பெயர் கைடு. தேர்வுக்குப் படிக்கும் பையன்களுக்காக ஒரு டியூஷன் வாத்தியார் போட்ட கைடு, நிரூபணம் இல்லாத காரணத்தாலேயே ராமானுஜனை ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடிக்கத் தூண்டியது. நிரூபணத்தை எழுதிவைக்காத அவருடைய பழக்கத்துக்கும் அதே புத்தகத்தைத்தான் காரணம் காட்டுகிறார்கள். நன்மையும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. இரண்டையுமே கார் உத்தேசிக்கவில்லை. இன்று கார் என்ற பெயர் நினைவில் இருப்பதே அந்த ஒரு வாசகரால்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைய கணக்குப்படி அந்த இரண்டு கல்லூரி ஆசிரியர்களின் ரிசல்ட்டைக் குறைத்தவர் ராமானுஜன். மெமோ போயிருக்கும்.

4. சிற்பிக்குப் புகழ் உண்டென்றால் தூக்கும் உண்டு. இந்த உவமையைக் கையில் எடுப்பவர்கள் அதன் மறு முனையைப் பார்ப்பதில்லை. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. வெறும் மூடத்தனம் என்று அதைத் தள்ளிவிடுவது நம் வழக்கம். ஏதென்ஸ்காரர்கள் பக்கமிருந்து பாருங்கள். சாக்ரடீசோடு திரிந்த அல்சிபியாடீஸ் போர் நடுவே எதிரியான ஸ்பார்ட்டாவிடம் ஓடிப்போனவர். இன்னொருவரான கிரிட்டியாஸ் கி.மு. 404இல் நகரத்தில் ரத்தம் சிந்தவைத்த முப்பது கொடுங்கோலர்களின் தலைவர்களில் ஒருவர். மாணவன் ஆசிரியரின் படைப்பு என்றால் தீர்ப்பில் என்ன தவறு? பிளேட்டோவைக் காட்டிச் சாக்ரடீசைப் புகழ்கிறவர், கிரிட்டியாசைக் காட்டி அவரைத் தண்டித்தவர்களின் தர்க்கத்தையே பேசுகிறார். எடுத்துக்காட்டு மட்டும் வேறு.

நம் நாட்டிலும் அது நடந்திருக்கிறது. கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826இல் ஹென்றி லூயி விவியன் டிரோசியோ ஆசிரியராகச் சேர்ந்தார். வயது பதினேழு, மாணவர்களைவிட ஓரிரு வயதுதான் கூடுதல். இலக்கியமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே என்பதைச் சேர்த்துச் சொன்னார். பையன்கள் ஆசாரத்தை மீறினார்கள், வீடுகளில் கலகம், ஊர் கொதித்தது. நிர்வாகிகள் 1831 ஏப்ரலில் அவரை வெளியேற்றினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் காலராவில் இறந்துபோனார், இருபத்திரண்டு வயதில். அவர்மீது சொல்லப்பட்ட பழி நாத்திகம் போதித்தார் என்பது. அவர் மாணவர்கள் என்ன ஆனார்கள்? கிருஷ்ணமோகன் பானர்ஜி 1832இல் கிறித்தவராகி, பின்னால் பாதிரியாராகவும் ஆனார். பியாரிசந்த் மித்ரா வங்காளத்தின் முதல் நாவல்களில் ஒன்றை எழுதினார். ராம்கோபால் கோஷ் வணிகத்துக்கும் பொதுவாழ்வுக்கும் போனார். ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் சேர்ந்து, பிற்காலத்தில் எவரெஸ்ட் என்று பெயர் பெற்ற சிகரமே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டார். நாத்திகத்தை விதைத்ததாகச் சொல்லப்பட்டவரின் வகுப்பிலிருந்து ஒரு பாதிரியார், ஒரு நாவலாசிரியர், ஒரு வணிகர், ஒரு கணிதர். இதை ஒரு சிற்பியின் வேலை என்று சொன்னால் அவருக்குக் கைநடுக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். டிரோசியோ கொடுத்தது கேள்வி கேட்கும் பழக்கத்தை. விடையை அவரவர் தேடிக்கொண்டார்கள், அவருக்குப் பிடிக்காத விடையையும் சேர்த்து.

5. பலன் எப்போது தெரியும் என்றே தெரியாதபோது எதை அளக்கிறீர்கள்? முதலில் நான் சொன்ன செட்டி ஆய்வுக்கே வருவோம். அதில் எதிர்த்தரப்பு வசதியாக விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. நல்ல ஆசிரியரால் உயர்ந்த மதிப்பெண் அடுத்த சில வருடங்களில் பெரும்பாலும் தேய்ந்துபோகிறது. பிற்பாடு கல்லூரியிலும் வருமானத்திலும் தாக்கம் மறுபடி தலைகாட்டுகிறது. இடையில் அது எங்கே ஒளிந்திருந்தது? மதிப்பெண் பிடிக்காத ஏதோ ஒன்றில்தான். போதாததற்கு அந்த ஆய்வு பேசுவது லட்சக்கணக்கானவர்களின் சராசரியைப் பற்றி. இந்த ஆசிரியர் இந்தப் பையனை உருவாக்கினார் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஸ்காட் காரலும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. அமெரிக்க விமானப்படை அகாதெமியில் யார் எந்தப் பேராசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். ஆய்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. முதல் கணிதப் பாடத்தில் மாணவர்களுக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்த பேராசிரியர்களையே மாணவர்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த நிலைக் கணிதத்தில் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த பேராசிரியர்களிடம் முதலில் திணறியவர்கள் பின்னால் முன்னேறினார்கள். உடனடி ரிசல்ட்டை வைத்துப் பரிசு கொடுத்திருந்தால் அது தவறான கைக்குப் போயிருக்கும். கிராபோ ஜாக்சன் 2018இல் வடகரோலினாவின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களை ஆராய்ந்து இன்னொன்று சொன்னார்: பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வருவது, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகாமல் இருப்பது, வகுப்பில் தேங்காமல் அடுத்த வகுப்புக்குப் போவது ஆகியவற்றில் ஓர் ஆசிரியர் உண்டாக்கும் மாற்றம், அவர் மதிப்பெண்ணில் உண்டாக்கும் மாற்றத்தைவிட, அந்தப் பிள்ளை பள்ளியை முடிக்குமா என்பதை நன்றாக முன்னறிவிக்கிறது. இந்த இரண்டு திறமையும் ஒரே ஆசிரியரிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தவறான அளவுகோலைப் பிடித்தால் ஆசிரியர்கள் அளவுகோலுக்கேற்ப வளைகிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்துகொண்டே போனது. மாவட்டக் கண்காணிப்பாளருக்கு 2009இல் தேசிய அளவில் ஆண்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்று விருதும் கிடைத்தது. 2011இல் ஜார்ஜியா மாநிலத்தின் விசாரணை அறிக்கை வந்தபோது, 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தது தெரிந்தது. பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியாக்கியிருந்தார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

தமிழ்நாட்டில் அழிரப்பர் தேவைப்படவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகளில் ஊறிப்போய், அதைத் தடுக்கவே 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பொதுத்தேர்வில் மாநிலத்தின் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் சடங்கும் 2017இல் நின்றது. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு காட்ட, ஒன்பதாம் வகுப்பிலேயே 'வேற ஸ்கூல் பாத்துக்குங்க' என்று பெற்றோரிடம் சொல்வது எந்த ஊரில் இல்லை? அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வேறு வேதனை. மெல்லக் கற்போருக்கு என்று தரப்படும் குறைந்தபட்சப் பாடப் பொருளை மாலை ஸ்பெஷல் கிளாசில் திரும்பத் திரும்ப எழுதவைத்து 35 மதிப்பெண்ணைத் தொடவைக்க வேண்டும். அந்தப் பிள்ளை அவரிடமிருந்து வேறு எதையாவது எடுத்துக்கொள்ளக்கூடிய நேரம் அத்தனையும் அதில் கரைந்துபோகிறது. செதுக்கச் சொல்கிறீர்கள், சரி. சிலை முடிவான பிறகு உளியைக் கொடுக்கிறீர்களே.

6. 'எங்களை அடித்து வளர்த்ததால்தான் ஆளானோம்.' இதுவும் பின்னோக்கி நடக்கும் கதைதான், இன்னும் ஆபத்தான வடிவில். அடி வாங்கி ஆளானவர் மேடையில் பேசுகிறார். அடி வாங்கிப் பள்ளியை விட்டு நின்றவருக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. ஆல்பெர் காம்யு 1957இல் நோபல் பரிசு பெற்றதும் அல்ஜீரியாவில் தனக்குத் தொடக்கப் பள்ளியில் கற்பித்த லூயி ஜெர்மேனுக்கு எழுதிய நன்றிக் கடிதத்தை உலகமே கொண்டாடுகிறது. அந்த ஆசிரியரின் சாயலில் காம்யு தன் கடைசி நாவலில் படைத்த பாத்திரம் கையில் அடிப்பதற்கு ஒரு மர ரூலரும் வைத்திருக்கிறது. ஆனால் கடிதம் எதற்காக நன்றி சொல்கிறது? ஏழைச் சிறுவனுக்கு நீட்டிய கைக்காக. தந்தையைப் போரில் பறிகொடுத்த அந்தப் பையனை ஜெர்மேன் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தினார். எழுத்தாளன் ஒருவனை உருவாக்கவேண்டும் என்று ஜெர்மேன் கிளம்பவில்லை. வகுப்பில் கெட்டிக்காரனாக இருந்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது என்று பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அது சாதாரண வேலை இல்லை என்பது வேறு. உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே தடைசெய்துவிட்டது. பிரம்புக்கு நன்றி சொல்லும் பேச்சுகளை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை.

7. 'அப்படியானால் ஆசிரியருக்குப் பொறுப்பே கிடையாதா?' கேட்க வேண்டிய கேள்வி. என் பதில்: பொறுப்பு கூடுகிறது, இடம் மாறுகிறது. விளைவுக்குப் பொறுப்பு என்றால், விளையக்கூடிய பிள்ளை எது என்று பார்த்து உழைத்தால் போதும். ரிசல்ட் துரத்தும் எல்லாப் பள்ளியிலும் நடப்பது அதுதான்: தேறக்கூடியவன், தேறாதவன், 'நூத்துக்கு நூறு கேண்டிடேட்' என்று அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே பிரித்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது என ஒப்புக்கொண்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. கடைசி பெஞ்சில் இருப்பவனிடம் போகிற போக்கில் 'நீயெல்லாம் எதுக்குடா வர்ற' என்று சொன்னதும்கூட முப்பது வருடம் உள்ளே கிடக்கக்கூடியது என்பதால், அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வந்தாரா, தயாரித்து வந்தாரா, உண்மையைச் சொன்னாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா, யாரையும் இழிவுபடுத்தாமல் இருந்தாரா, சாதி பார்த்தாரா: கேட்க வேண்டியவை இவை. இவை எல்லாம் ஆசிரியரின் கையில் இருப்பவை, இன்றே பார்த்துச் சொல்லக்கூடியவை, அதற்கு இன்னொரு அனுபவமுள்ள ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து சில வகுப்புகளைக் கவனித்தால் போதும்.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அதனால் வரும் புலமை கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால். மீதிப் பாதி, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துச் சொல்லும்போது வருவது. அதே பாயிரம் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகை பிரிக்கிறது. பிரித்த முறை நமக்கு இன்று உறுத்தலாம்; எடுத்துக்கொள்ளும் விதம் மாணவருக்கு மாணவர் வேறு என்பதை அவர் பார்த்திருக்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். ஆசிரியருக்குக் கால் பங்கு கொடுத்த இலக்கணத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த மொழி, எந்த வழியாக ஆசிரியருக்கு முழுப் பங்கையும் முழுப் பழியையும் எழுதிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

முழுப் பங்கு கொடுப்பதில் அரசுக்கு ஒரு லாபம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலன் முழுவதும் ஆசிரியரின் கைவண்ணம் என்றால், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் ஈராசிரியர் பள்ளியைப் பற்றிப் பேச வேண்டாம். எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றத்துக்கும் பி.எல்.ஓ. என்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணிக்கும் ஆசிரியர் வகுப்பைவிட்டுப் போவதைப் பற்றிப் பேச வேண்டாம். பிள்ளை வீட்டில் படிக்க ஒரு மூலை இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். சிற்பி சரியில்லை என்று சொன்னால் கணக்கு தீர்ந்தது. மறுபுறம் தேசிய நல்லாசிரியர் விருதுக்கு ஆசிரியரே தன் பெயரை இணையத்தில் முன்மொழிந்து தன் சாதனைகளுக்கு ஆவணம் இணைக்க வேண்டும். தன்னிடம் படித்த எந்தப் பிள்ளை எதை எடுத்துக்கொண்டு போனது என்று ஓர் ஆசிரியருக்கு எப்படித் தெரியும், அதற்கு எந்தச் சான்றிதழை இணைப்பார்? பிள்ளையவர்கள் விண்ணப்பித்திருந்தால் தலபுராணங்களின் பட்டியலைத்தான் இணைத்திருப்பார்.

மேடைப் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. கவுன்சிலர்கள் பேசட்டும். நான் கேட்பது இரண்டே. பணி மதிப்பீட்டிலிருந்து தேர்ச்சி விழுக்காட்டை எடுத்துவிடுங்கள். அது பள்ளிக்கு எந்த உதவி தேவை என்று அறிய உதவும் எண், ஆசிரியரின் தரத்தைச் சொல்லும் எண் இல்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, விழுக்காடு குறைந்த பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலகங்களிலிருந்து போகும் 'விளக்கம் தருக' கடிதங்களை வருகிற மே மாதமாவது அனுப்பாமல் இருங்கள். அதற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை, குழு அமைக்க வேண்டியதில்லை, அரசாணைகூடத் தேவைப்படாது.